குழந்தைகளுக்கு வர்ற ஹெர்னியா, லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்: பெத்தவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் குழந்தைகளுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர். தொடை இடுக்கு ஹெர்னியாதான் நாங்க அதிகமா பண்ற ஆபரேஷன்கள்ல ஒண்ணு, குடலிறக்கம்னு சொல்றதும் இதைத்தான். ஓபில பத்து நிமிஷத்துல எல்லாத்தையும் சொல்லி முடிக்க முடியறதில்ல, வீட்டுக்கு போனப்புறம்தான் கேள்வியே வருதுன்னு நிறைய அம்மா அப்பா சொல்லிருக்காங்க, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

தொடை இடுக்குல வீக்கம் வருது, அப்புறம் காணாம போயிடுது. இது ஹெர்னியாதானா?

அழும்போது, முக்கும்போது, இருமும்போது புடைச்சுக்கிட்டு வெளிய வருது, தூங்கிட்டா தானா உள்ள போயிடுதுன்னா பெரும்பாலும் ஹெர்னியாதான். சில பசங்களுக்கு தொடை இடுக்குலயே நிக்கும், சிலருக்கு விதைப்பை வரைக்கும் இறங்கிடும். பொண்ணு குழந்தைன்னா தொடை இடுக்குலயோ அதுக்கு கொஞ்சம் கீழயோ ஒரு சின்ன உருண்டை மாதிரி தெரியும்.

ஒரு விஷயம் பண்ணுங்க, வீக்கம் தெரியும்போதே போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. டாக்டர் முன்னாடி படுக்க வச்சா பாதி நேரம் அது வெளிய வராது, குழந்தை சிரிச்சுக்கிட்டு கிடக்கும், அம்மாவுக்கு "நேத்து ராத்திரி இவ்ளோ பெருசா இருந்துச்சு டாக்டர்"னு சொல்லும்போதே குரல் உடைஞ்சுடும், நம்ப மாட்டாங்களோன்னு பயம். டயபர் மாத்தும்போது அவசரமா எடுத்த மங்கலான போட்டோவா இருந்தாகூட எங்களுக்கு போதும், அதை வச்சு, கையால பாத்து முடிவு பண்ணிடுவோம். எல்லாருக்கும் ஸ்கேன் தேவைப்படாது, சந்தேகம் இருந்தா மட்டும்தான்.

எதனால வந்துச்சு? ரொம்ப அழ விட்டுட்டோமா?

இல்லவே இல்ல. இதை முதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. ஆம்பளை குழந்தைக்கு விதை முதல்ல உருவாகறது வயித்துக்குள்ள, கிட்னிக்கு பக்கத்துல. கர்ப்பத்தோட ஏழாவது மாசம் வாக்குல அது மெதுவா கீழ விதைப்பைக்கு இறங்குது, அப்படி இறங்கும்போது வயித்தோட உள்சவ்வு ஒரு சாக்ஸ் மாதிரி நீண்டு கூடவே போகுது. பிறக்கறதுக்கு முன்னாடியோ பிறந்து கொஞ்ச நாள்லயோ அந்த சாக்ஸோட வாய் மூடி ஒட்டிக்கணும். சிலருக்கு மூடாம நின்னுடுது, அவ்ளோதான். அந்த திறந்த வழியில குடல் இறங்கி வந்தா ஹெர்னியா, தண்ணி மட்டும் இறங்கினா ஹைட்ரோசீல். பெரியவங்களுக்கு தசை பலவீனமாகி வர்ற ஹெர்னியா வேற, இது வேற. குழந்தை பிறக்கும்போதே அந்த வழி இருந்திருக்கு, அழுதப்போ வெளிய தெரிஞ்சிருக்கு, அழுததால வரல.

வலது பக்க விதை இடதை விட லேட்டா இறங்கும், அந்த வழி மூடறதும் லேட்டு. அதனால நூறு பேர்ல சுமார் 60 பேருக்கு வலது பக்கம், 30 பேருக்கு இடது, 10 பேருக்கு ரெண்டு பக்கமும். மாசம் முழுசா ஆகி பிறந்த குழந்தைகள்ல நூத்துல ஒண்ணுல இருந்து அஞ்சு பேருக்கு வரும், குறைமாசத்துல பிறந்தவங்களுக்கு அதை விட பல மடங்கு அதிகம், ஏன்னா மூடறதுக்கு டைம் கிடைக்கறதுக்குள்ளயே வெளிய வந்துட்டாங்க.

வளர வளர தானா மூடிக்காதா? பெல்ட் போட்டா?

தொப்புள் ஹெர்னியாவையும் இதையும் குழப்பிக்கறதாலதான் இந்த கேள்வி வருது. தொப்புள்ல வர்றது பெரும்பாலும் நாலஞ்சு வயசுக்குள்ள தானா சரியாயிடும், காத்திருக்கலாம். விதையை சுத்தி தண்ணி மட்டும் இருக்குற ஹைட்ரோசீலும் முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துல நிறைய பேருக்கு வத்திடும். தொடை இடுக்கு ஹெர்னியா அப்படி இல்ல, குடல் ஒரு தடவை இறங்க ஆரம்பிச்சுட்டா ஆபரேஷன்தான் வழி. மாத்திரை கிடையாது, எண்ணெய் தடவினா சரியாகாது. பெல்ட் வேண்டாம், ப்ளீஸ். அது வழியை மூடாது, உள்ள மாட்டிக்கிட்டு இருக்குற குடலை மேல இருந்து அமுக்கும், நமக்கு கண்ணுக்கு தெரியவும் தெரியாது.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

இந்த பக்கத்துல ஒண்ணே ஒண்ணு படிச்சா போதும்னா அது இதுதான், தாத்தா பாட்டி, குழந்தையை பாத்துக்கறவங்க எல்லாருக்கும் சொல்லி வைங்க. எப்பவும் உள்ள போற வீக்கம் உள்ள போகாம கல்லு மாதிரி கெட்டியா நிக்குது, தொட்டா வீல்னு கத்துறான், சமாதானமே ஆகல, வாந்தி எடுக்குறான், அதுவும் பச்சையா எடுக்குறான், வயிறு உப்பிக்கிட்டு இருக்கு, அந்த இடத்து தோல் சிவந்து போயிருக்கு. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாகூட ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கிளம்புங்க. காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. குடல் மாட்டிக்கிச்சுன்னா முதல்ல வீங்கும், அப்புறம் ரத்த ஓட்டம் நிக்கும், மணிக்கணக்குல நிலைமை மாறிடும், குடல் மட்டும் இல்ல, பக்கத்துல போற ரத்தக்குழாய் அமுங்கி விதையும் பாதிக்கப்படலாம்.

போற வழியில சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் குடுக்காதீங்க. நீங்களா போட்டு அழுத்தி உள்ள தள்ளவும் வேண்டாம். நாங்க வலி மருந்து, தூக்க மருந்து குடுத்து, குழந்தை தளர்ந்தப்புறம் ரெண்டு கையால மெதுவா உள்ள அனுப்புவோம், முக்கால்வாசி பேருக்கு மேல இப்படியே சரியாயிடும். அப்படி உள்ள போனா அட்மிட் பண்ணி, வீக்கம் வத்த ஒண்ணு ரெண்டு நாள் விட்டு ஆபரேஷன் பண்றதுதான் வழக்கம். உள்ள போகலைன்னா உடனே தியேட்டருக்குதான்.

எந்த வயசுல பண்ணணும்? கொஞ்சம் பெரியவனாகட்டும்னு விடலாமா?

விடாதீங்க. பெரியவனானா ரிஸ்க் குறையும்னு எல்லாரும் நினைக்கறாங்க, ஆனா இதுல தலைகீழ். ஒரு வயசுக்குள்ள இருக்குறவங்களுக்குத்தான் குடல் மாட்டிக்கற ஆபத்து ரொம்ப அதிகம். அதனால கைக்குழந்தைன்னா கண்டுபிடிச்ச சில நாள், ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணிடணும்னு பாப்போம், மூணு நாலு வயசு பசங்கன்னா சில வாரம் பொறுத்து வசதியான தேதி பாத்துக்கலாம்.

குறைமாசத்துல பிறந்து இன்னும் ஐசியுல இருக்குற பாப்பாக்கள் கதை தனி. டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே பண்ணிடறதா, இல்ல வீட்டுக்கு அனுப்பி கொஞ்சம் வளர்ந்தப்புறம் பண்றதான்னு ரொம்ப வருஷமா டாக்டர்களுக்குள்ளயே வாக்குவாதம். 2024ல அமெரிக்காவுல பல ஆஸ்பத்திரி சேர்ந்து பண்ண ஒரு ஆய்வு வெளிவந்துச்சு, சீக்கிரம் பண்ணவங்கள்ல 28 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெரிய சிக்கல், கர்ப்ப நாளையும் சேத்து 55 வாரம் தாண்டி பண்ணவங்கள்ல 18 சதவீதம். அதனால இப்போ நல்லா கவனிச்சுக்கற பெத்தவங்க, ஆஸ்பத்திரி பக்கத்துல வீடுன்னா கொஞ்சம் காத்திருக்கறது தப்பில்லன்னு நிறைய பேர் வந்துட்டோம். உங்க பாப்பாவோட நுரையீரல், எடை எல்லாம் பாத்து உங்க டாக்டர் சொல்றதுதான் இதுல கடைசி வார்த்தை.

லேப்ராஸ்கோப்பில உள்ள என்னதான் பண்றீங்க?

லேப்ராஸ்கோப்பின்னா பெருசா வெட்டாம, சின்ன துளை வழியா கேமராவை உள்ள விட்டு பண்ற ஆபரேஷன். குழந்தை முழுசா மயக்கத்துல இருக்கும். தொப்புள் மடிப்புக்குள்ளயே மூணுல இருந்து அஞ்சு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சின்ன வெட்டு, அது வழியா கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை மெதுவா விட்டு வயித்தை கூடாரம் மாதிரி தூக்குவோம். பெரியவங்களுக்கு வைக்கற அழுத்தத்தை விட குறைச்சுதான், எட்டு பத்து மில்லிமீட்டர் மெர்குரின்னு வைப்போம், ஏன்னா அதிகமானா சின்ன பாப்பாவுக்கு மூச்சு விடறது கஷ்டம். அப்புறம் கேமரா உள்ள போகும்.

ஸ்கிரீன்ல தெரியறதை உங்களுக்கும் காட்டணும்னு எனக்கு எப்பவும் தோணும். மூடி இருக்குற பக்கம் ஒரு வழவழப்பான சவ்வு, லேசா ஒரு மடிப்பு, அவ்ளோதான். மூடாத பக்கம் அதே இடத்துல கறுப்பா ஒரு சின்ன ஓட்டை, சில நேரம் அதுக்குள்ள குடல் தலை நீட்டிக்கிட்டு இருக்கும், வாயு உள்ள போனதும் வெளிய விதைப்பை லேசா உப்பி நிக்கும். அந்த ஓட்டையோட உள்பக்க ஓரத்துல விந்துக்குழாய் வெள்ளையா ஒரு நூல் மாதிரி வளைஞ்சு வருது, வெளிப்பக்கமா விதைக்கு போற ரத்தக்குழாய் நீலமா இறங்குது, ரெண்டும் சேந்து தலைகீழ் வி எழுத்து மாதிரி இருக்கும். இந்த ரெண்டையும் தொடாம, ஓட்டையோட வாயை சுத்தி மட்டும் தையல் நூலை கொண்டு போய் சுருக்குப்பையை இழுத்து கட்டற மாதிரி கட்டணும். சொல்றதுக்கு ஒரு வரிதான், நாங்க நேரத்தை செலவு பண்றது முழுக்க அந்த ரெண்டு குழாயையும் சவ்வுல இருந்து பிரிச்சு தள்ளி விடற அந்த ஒரு சென்டிமீட்டர்லதான். சில பேர் அந்த இடத்துல கொஞ்சம் சலைன் தண்ணி ஊசில விட்டு சவ்வை தூக்கிப்பாங்க, குழாய் தானா கீழ தள்ளிக்கும், எனக்கும் இது ரொம்ப பிடிச்ச வழி.

தையல் போடறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, ரெண்டு பக்கமும் இன்னும் ரெண்டு சின்ன துளை போட்டு உள்ளயே தைக்கறது. இன்னொண்ணு வெளிய தோல் வழியா ஒரு ஊசியை விட்டு, கேமராவுல பாத்துக்கிட்டே ஓட்டையை சுத்தி நூலை கொண்டு வந்து தோலுக்கு அடியில முடிச்சு போடறது. 2006ல ஜப்பான் டாக்டர்களும் போலந்து டாக்டர்களும் தனித்தனியா இந்த மாதிரி ஊசி முறைகளை வெளியிட்டாங்க, இப்போ உலகம் முழுக்க இதோட பல ரூபம் ஓடுது. எதுவா இருந்தாலும் நூல் கரையாத நூல்தான் நிறைய பேர் போடுவாங்க. ஒரு பக்கம்னா பொதுவா அரை மணில இருந்து முக்கால் மணி.

மெஷ் வைப்பீங்களா?

மாட்டோம். வலை வைக்கறது பெரியவங்களுக்கு, தசையை பலப்படுத்த. குழந்தைக்கு தசையில குறை இல்ல, திறந்த வழியை கட்டினா போதும். வளர்ற உடம்புல வலை வைக்கவும் கூடாது.

ஓப்பன் நல்லதா, லேப்ராஸ்கோப்பி நல்லதா?

நான் ரெண்டும் பண்றேன், அதனால ஒரு பக்கம் சாயாம சொல்ல பாக்குறேன். ஓப்பன்ல தொடை இடுக்கு மடிப்புல ரெண்டு மூணு சென்டிமீட்டர் வெட்டு, அந்த சவ்வுப் பையை பிரிச்சு எடுத்து மேல கட்டி விடறது. ரொம்ப பழைய, நல்லா நிரூபிச்ச ஆபரேஷன், பழகின கையில நூத்துல ஒருத்தருக்குத்தான் திரும்ப வரும். தழும்பும் மடிப்புக்குள்ள மறைஞ்சுடும். குறைமாச பாப்பாவுக்கு முழு மயக்கம் இல்லாம முதுகுல ஊசி போட்டே பண்ணிடலாம், லேப்ராஸ்கோப்பில பொதுவா அது முடியாது.

லேப்ராஸ்கோப்பியோட பெரிய லாபம்னு நான் நினைக்கறது தழும்பு இல்ல. அந்த பக்கத்தையும் இந்த பக்கத்தையும் ஒரே நேரத்துல கண்ணால பாத்துடலாம், ரெண்டு பக்கமும் இருந்தா அதே துளையில முடிச்சுடலாம், விந்துக்குழாயை பெருசா காட்டற கேமராவுல தெளிவா பாத்துக்கிட்டே ஒதுக்கலாம், ஏற்கனவே ஓப்பன் பண்ணி திரும்ப வந்த குழந்தைன்னா அந்த பழைய தழும்பு திசுக்குள்ள நுழையாம உள்பக்கமா இருந்தே கட்டிடலாம். பொண்ணு குழந்தைக்கு இன்னும் நல்லது, கீழ சொல்றேன். ஆரம்ப காலத்துல லேப்ராஸ்கோப்பில திரும்ப வர்றது கொஞ்சம் அதிகமா இருந்துச்சு, முறைகள் திருந்தினப்புறம் ஓப்பனுக்கு கிட்டத்தட்ட சமமா வந்துடுச்சு.

வலி ரெண்டுலயும் குறைவுதான், இதுக்காக ஒண்ணை விட்டு ஒண்ணுக்கு ஓட வேண்டாம். என் கருத்து, மெஷின் எதுன்னு தேடறதை விட இந்த வயசு குழந்தைகளுக்கு தினமும் ஆபரேஷன் பண்ற டாக்டரும், குழந்தைகளுக்கு மயக்கம் குடுத்து பழகின மயக்க டாக்டரும் இருக்காங்களான்னு தேடுங்க. "நீங்க எந்த முறையில அதிகமா பண்ணிருக்கீங்க, ஏன் என் குழந்தைக்கு இதுன்னு சொல்றீங்க"ன்னு தைரியமா கேளுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

வீக்கம் ஒரு பக்கம்தான். ரெண்டு பக்கமும் தையல் போட்டேன்னு சொல்றாங்களே?

கேமராவுல பாக்கும்போது இன்னொரு பக்கமும் திறந்து இருக்கறது சின்ன குழந்தைகள்ல ரொம்ப சகஜம், மூணுல ஒருத்தருக்கு வாக்குல இருக்கும். ஆனா திறந்து இருக்கற எல்லாமே ஹெர்னியாவா மாறாது, ஒரு பக்கம் மட்டும் ஓப்பன்ல பண்ணி விட்ட குழந்தைகளை வருஷக்கணக்குல பாத்தா சுமார் 7 சதவீதம் பேருக்குத்தான் மறுபக்கம் பின்னாடி வருது. அப்போ திறந்து இருந்தா மூடிடறதா, விட்டுடறதா? இதுல டாக்டர்களுக்குள்ள ஒத்த கருத்து இல்ல. திரும்ப ஒரு மயக்கம் வேண்டாமேன்னு மூடறவங்க அதிகம், தேவையில்லாம ஒரு விந்துக்குழாய் பக்கத்துல ஏன் கை வைக்கணும்னு விடறவங்களும் இருக்காங்க. நான் பெருசா திறந்து இருந்தா மூடிடுவேன். ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடியே இதை பேசி உங்க சம்மதம் வாங்கணும், முடிஞ்சு வெளிய வந்து சொல்றது சரியில்ல, அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நீங்களே கேட்டுடுங்க.

பொண்ணு குழந்தைக்கும் வருமா?

வரும், ஆம்பளை பசங்களை விட கம்மி. பொண்ணுங்களுக்கு பைக்குள்ள குடலுக்கு பதிலா பல நேரம் கருமுட்டைப்பை இறங்கி இருக்கும். அழுத்தினா வலிக்காம, உள்ளயும் போகாம ஒரு சின்ன கொட்டை மாதிரி கையில தட்டுப்படும். வலி இல்லையேன்னு விட்டுடாதீங்க, கருமுட்டைப்பை முறுக்கிக்கலாம், சீக்கிரம் காட்டுங்க. விந்துக்குழாய் மாதிரி ஒதுக்க வேண்டியது இல்லாததால தையல் சுலபம். கேமராவுல கர்ப்பப்பை, கருமுட்டைப்பை எல்லாம் நார்மலா இருக்கான்னும் பாத்துடுவோம். ஹெர்னியா வர்ற பொண்ணு குழந்தைகள்ல நூத்துல ஒருத்தர் வாக்குல உள்ள இருக்கறது கருமுட்டைப்பையா இல்லாம விதையா இருக்கற ஒரு பிறவி நிலை உண்டு, அது முன்னாடியே தெரிஞ்சா அந்த பொண்ணுக்கு பின்னாடி நிறைய உதவி.

இவ்ளோ சின்னதுக்கு மயக்க மருந்தா? மூளையை பாதிக்காதா?

இந்த கேள்விக்கு பதில் தேடி நடந்த பெரிய ஆய்வே இதே ஹெர்னியா ஆபரேஷன் குழந்தைகளை வச்சுதான் நடந்துச்சு. ஏழு நாட்டுல 722 கைக்குழந்தைகள், பாதி பேருக்கு முழு மயக்கம், பாதி பேருக்கு முழிச்சுக்கிட்டே முதுகுல ஊசி. அஞ்சு வயசுல அறிவுத்திறன் டெஸ்ட் வச்சு பாத்தாங்க, வித்தியாசமே இல்ல, 2019ல முடிவு வெளிவந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு குறைவான ஒரு தடவை மயக்கத்துக்கு பயப்பட வேண்டாம்னு தைரியமா சொல்றதுக்கு எங்களுக்கு அதான் ஆதாரம். மூணு மணி நேரத்துக்கு மேல, இல்ல திரும்பத் திரும்ப குடுக்கறதை பத்திதான் எச்சரிக்கை இருக்கு, இது அந்த கணக்குல வராது.

குறைமாச பாப்பாவுக்கு மட்டும் மயக்கம் தெளிஞ்சப்புறம் மூச்சு விட மறந்துடற பிரச்சனை வரலாம், அதனால அவங்களை அன்னைக்கு ராத்திரி மானிட்டர் போட்டு ஆஸ்பத்திரியிலயே வச்சுப்போம், வீட்டுக்கு அனுப்பலையேன்னு கவலைப்படாதீங்க.

எவ்ளோ நேரம் பட்டினி போடணும்?

சாப்பாடு, பவுடர் பால், மாட்டுப்பால் ஆறு மணி நேரம் முன்னாடி நிறுத்தணும். தாய்ப்பால் நாலு மணி நேரம். வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும், சில ஆஸ்பத்திரில ஒரு மணி நேரம் வரைக்கும் விடுவாங்க. பாவம் அழுறானேன்னு நடுவுல ரெண்டு வாய் பால் குடுத்துட்டு சொல்லாம விட்டுடாதீங்க, வயித்துல பால் இருந்து மயக்கத்துல மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். குடுத்துட்டீங்கன்னா சொல்லிடுங்க, தள்ளி வச்சுக்கலாம், யாரும் திட்ட மாட்டாங்க. சளி, காய்ச்சல், இருமல் இருந்தாலும் முதல் நாளே போன் பண்ணி சொல்லுங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் என்ன பாக்கணும்?

பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடுவீங்க. முதல் நாள் கொஞ்சம் சிணுங்கல், தூக்கம், ஒரு வாந்தி இருக்கலாம். பாரசிட்டமால் எடைக்கு ஏத்த அளவுல ரெண்டு நாள், டாக்டர் எழுதின நேரப்படியே குடுங்க, வலிச்சா மட்டும் குடுக்கலாம்னு காத்திருந்தா குழந்தை அதுக்குள்ள வலியில முரண்டு பிடிக்க ஆரம்பிச்சுடும். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். பேச தெரிஞ்ச பசங்க தோள் வலிக்குதுன்னு சொன்னா பயப்படாதீங்க, உள்ள விட்ட வாயுவோட வேலை, ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும்.

விதைப்பை சில நாள் வீங்கி, கன்னிப் போன மாதிரி நிறம் மாறி இருக்கும், இதைப் பாத்துட்டு "திரும்ப வந்துடுச்சு"ன்னு அலறி போன் வர்றது வாரத்துக்கு ஒண்ணாவது. அழும்போது பெருசாகி தூங்கும்போது காணாம போனாதான் சந்தேகப்படணும், எப்பவும் ஒரே அளவுல இருந்தா வத்திடும். குளிக்கறது ரெண்டு மூணு நாள் கழிச்சு, உங்க டாக்டர் சொன்னபடி. கைக்குழந்தையை எப்பவும் போல தூக்கலாம், கவுத்து போடலாம், பால் குடுக்கலாம். ஸ்கூல் ஒரு வாரத்துல போகலாம், சைக்கிள், ஃபுட்பால், மேல விழுந்து உருளறது மட்டும் ரெண்டு மூணு வாரம் தள்ளி வைங்க (மூணு வயசு பையனை எப்படி உக்கார வைக்கறதுன்னு கேட்டா எங்கிட்டயும் பதில் இல்ல, முடிஞ்சவரை பாருங்க, அவனா ஓடினா தையல் ஒண்ணும் பிஞ்சுடாது).

காய்ச்சல் அடிச்சா, தொப்புள்ல சிவந்து சீழ் வந்தா, ஒண்ணுக்கே போகலைன்னா, வாந்தி நிக்கலைன்னா, வலி நாளுக்கு நாள் கூடினா உடனே கூப்பிடுங்க.

திரும்ப வருமா? பின்னாடி குழந்தை பிறக்கறதுல பிரச்சனை வருமா?

திரும்ப வர்றது குறைவு, வந்தா பெரும்பாலும் முதல் வருஷம் ரெண்டு வருஷத்துக்குள்ள வரும், மறுபடி கட்டலாம். குறைமாசத்துல பிறந்தவங்களுக்கும் குடல் மாட்டின நிலையில அவசரமா பண்ணவங்களுக்கும் கொஞ்சம் அதிகம். விதை சுருங்கறது, விந்துக்குழாயில அடி படறது ரெண்டும் அபூர்வம், ஆனா இல்லவே இல்லன்னு சொன்னா பொய். தேதி போட்டு நிதானமா பண்ற ஆபரேஷனை விட குடல் மாட்டி ராத்திரி ஓடி வர்ற ஆபரேஷன்ல விதைக்கு ஆபத்து பல மடங்கு, அதான் நான் தள்ளிப் போடாதீங்கன்னு இவ்ளோ கெஞ்சறேன். சில நேரம் விதை கொஞ்சம் மேல ஏறி நிக்கலாம், அதனால முதல் செக்கப்புக்கு மட்டுமில்ல, ஒரு வருஷம் கழிச்சும் ஒரு தடவை காட்டுங்க.

எங்க அடுத்த குழந்தைக்கும் வருமா?

வாய்ப்பு மத்தவங்களை விட கொஞ்சம் அதிகம், கட்டாயம் வரும்னு இல்ல. தனியா டெஸ்ட் எதுவும் வேண்டாம். குளிப்பாட்டும்போது, பாப்பா அழுதுக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு பக்க தொடை இடுக்கையும் ஒரு பார்வை பாத்துடுங்க. ஒரு பக்கம் மட்டும் மேடா தெரிஞ்சா தண்ணியை நிறுத்திட்டு முதல்ல ஒரு போட்டோ எடுங்க.